கல்லீரல் ரத்தப் பரிசோதனை: தாளில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது?

பரிசோதனைத் தாளின் ஓரத்தில் ‘எச்’ என்று ஓர் எழுத்து அச்சாகியிருந்தால் போதும், வாங்கிப் பார்ப்பவரின் முகம் வாடிவிடுகிறது. அந்த எழுத்து எங்கும் இல்லை என்றால், தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் கிளினிக் நடத்தும் எந்த மருத்துவரைக் கேட்டாலும் இந்த இரண்டு வகையினரையும் தினமும் பார்ப்பதாகச் சொல்வார். முதலாமவர் தேவைக்கு மேல் பயப்படுகிறார். இரண்டாமவர் தேவையான பயத்தைக்கூடப் படுவதில்லை. கல்லீரல் விஷயத்தில் இரண்டாமவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்.

‘எச்’ என்பது, அந்த ஆய்வகம் வைத்திருக்கும் மேல்வரம்பை எண் தாண்டிவிட்டது என்பதற்கான குறி. அந்த வரம்பு எப்படி வந்தது? நோயில்லாதவர்கள் என்று கருதப்படும் பலரின் ரத்தத்தைச் சோதித்து, அவர்களில் நடுவே உள்ள 95 விழுக்காட்டினரின் அளவுகளை ‘இயல்பு’ என்று வைப்பதுதான் வழக்கம். ஆகவே நல்ல உடல்நலத்தோடு இருக்கும் இருபது பேரில் ஒருவருக்கு, எந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டாலும், எண் வெளியே நிற்பது இயற்கை. எந்த எண், எவ்வளவு, கூடவே வேறு எது ஏறியிருக்கிறது, போன முறை எவ்வளவு இருந்தது என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் தாள் பேசத் தொடங்கும்.

தாளில் மூன்று வகை

எல்.எஃப்.டி. என்று எழுதிக் கொடுக்கும் பரிசோதனையில் எட்டுப் பத்து வரிகள் இருக்கும். அவை ஒரே வேலையைச் செய்பவை அல்ல. மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதல் கூட்டம் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற இரண்டு நொதிகள். இவை உயிரணுவுக்குள் இருக்க வேண்டியவை. அணு அடிபட்டால் ரத்தத்தில் கசியும். ஏ.எல்.டி. பெரும்பாலும் கல்லீரலில் இருப்பது. ஏ.எஸ்.டி. அப்படியில்லை, இதயம், தசை, சிவப்பணு என்று பல இடங்களில் இருக்கிறது. 1954-இல் நியூயார்க்கில் ஆர்தர் கார்மென், ஃபீலிக்ஸ் ராப்லெவ்ஸ்கி, ஜான் லாடு ஆகிய மூவரும் இந்த நொதி ரத்தத்தில் ஏறுவதைக் கண்டு சொன்னபோது, அவர்கள் ஆராய்ந்தது மாரடைப்பை. கல்லீரலுக்கு அது பயன்பட்டது பிறகுதான். எனவே ஏ.எஸ்.டி. மட்டும் ஏறி, ஏ.எல்.டி. அமைதியாக இருந்தால், கல்லீரலைக் குற்றம் சொல்வதற்கு முன் தசையையும் ரத்தம் எடுத்த விதத்தையும் பார்க்க வேண்டும். ஊசி சரியாக ஏறாமல் குழாயிலேயே சிவப்பணுக்கள் உடைந்துவிட்டாலும் ஏ.எஸ்.டி. கூடும். அப்போது தாளின் அடியில் ‘ஹீமோலைஸ்ட்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைக் கண்டால் மறுபடி ரத்தம் கொடுப்பதே நல்லது.

இரண்டாவது கூட்டம் பித்தம் ஓடும் பாதையைப் பற்றியது: பிலிருபின், ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. பித்தக்கல் அடைத்தாலோ குழாய் சுருங்கினாலோ இவை மூன்றும் சேர்ந்து ஏறும். ஏ.எல்.பி. எலும்பிலும் நஞ்சுக்கொடியிலும் சுரப்பதால் வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கும் அது கூடுதலாக இருப்பது சகஜம். கூடவே ஜி.ஜி.டி.யும் ஏறியிருந்தால் கல்லீரல் பக்கம் பார்க்கலாம். ஏறாவிட்டால் எலும்பைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது கூட்டத்தைத்தான் பலர் பார்க்காமலே விடுகிறார்கள். கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்று சொல்பவை அவையே. கல்லீரல் தயாரிக்கும் அல்புமின் என்ற புரதம் ஒன்று. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். இன்னொன்று. ஐ.என்.ஆர். வழக்கமான எல்.எஃப்.டி. தாளில் வராது, தனியாகக் கேட்க வேண்டும். அல்புமினின் அரை ஆயுள் சுமார் 20 நாள் என்பதால் அது மெதுவாகத்தான் குறையும். உறைதலுக்கான சில காரணிகளின் அரை ஆயுளோ சில மணி நேரம்தான். ஆகவே கல்லீரல் திடீரென்று செயலிழந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது ஐ.என்.ஆர்.; நாள்பட்டு நலிந்தால் அல்புமின். ஏ.எல்.டி. 900 வரை ஏறி, ஐ.என்.ஆர். சரியாக இருக்கும் ஒருவர் பெரும்பாலும் தேறிவிடுவார். ஏ.எல்.டி. 45-இலேயே நின்று, அல்புமின் இறங்கி, ஐ.என்.ஆர். ஏறிய ஒருவருக்குத்தான் உடனடிக் கவனம் வேண்டும்.

‘எச்’ இல்லாத தாளும் முழு நிம்மதி தராது. பல ஆய்வகங்கள் ஏ.எல்.டி.யின் மேல்வரம்பை 40, 50 என்று வைத்திருக்கின்றன. அமெரிக்கக் குடல் இரைப்பை மருத்துவர் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, உண்மையான இயல்பு வரம்பு ஆண்களுக்கு 29 முதல் 33 வரை, பெண்களுக்கு 19 முதல் 25 வரை என்றது. அதன்படி பார்த்தால் 38 என்ற எண்ணோடு குறி எதுவும் இல்லாமல் வீடு திரும்பும் ஒரு பெண்மணி, ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும்.

சென்னைத் தாளும் கோலாலம்பூர்த் தாளும்

சிகிச்சைக்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ போய்வரும் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். அங்கே எடுத்த தாளையும் இங்கே எடுத்த தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திகைப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டுத் தாளில் பிலிருபின் 1.0 என்று இருக்கும். மலேசியத் தாளில் 17 என்று இருக்கும். இரண்டும் ஒரே அளவு. இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. இங்கே லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கு. முதலாவதை 17.1 ஆல் பெருக்கினால் இரண்டாவது வந்துவிடும். அல்புமின் அங்கே 4.2, இங்கே 42. பத்தால் பெருக்கினால் சரி. ஏ.எல்.டி.க்கும் ஏ.எஸ்.டி.க்கும் இரு நாட்டிலும் ஒரே அலகு. பிலிருபின் பதினேழு மடங்கு ஏறிவிட்டது என்று பதறுவதற்கு முன் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் படிக்க வேண்டும்.

தைப்பூச வாரம்

விரதத்தின் கடைசி நாள்களிலோ பத்துமலையிலிருந்து திரும்பிய மறுநாளோ முழு உடல் பரிசோதனை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. மக்களில் சிலருக்கு கில்பர்ட் என்ற பிறவிக் குணம் உண்டு. பிலிருபினைப் பதப்படுத்தும் நொதி அவர்களுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். சாப்பாட்டைக் குறைத்தால், பட்டினி கிடந்தால், காய்ச்சல் வந்தால் அவர்களுடைய பிலிருபின் ஏறும். கண்ணில் இலேசாக மஞ்சள்கூடத் தெரியும். ஒரு வேளை உணவோடு நாள்கணக்கில் விரதம் இருப்பவர்களுக்கு இது தெரிய வந்தால் வியப்பதற்கில்லை. இன்னும் பதப்படாத, ‘மறைமுக’ பிலிருபின் மட்டும் கூடி, மற்ற எல்லா வரிகளும் சரியாக இருப்பதுதான் இதன் அடையாளம். இதற்கு மருந்தும் தேவையில்லை, பத்தியமும் தேவையில்லை.

காவடி சுமந்து 272 படி ஏறியவரின் தசைகள் பட்ட பாடும் ரத்தத்தில் தெரியலாம். பழக்கமில்லாத கடும் உழைப்புக்குப் பிறகு ஏ.எஸ்.டி.யும், ஓரளவு ஏ.எல்.டி.யும், சில நாள்களுக்கு உயர்ந்து நிற்கும். ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து எடை தூக்குகிற இளைஞர்களுக்கும் இதே கதைதான். சந்தேகம் வந்தால் சி.கே. என்ற தசை நொதியைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். அது பல மடங்கு ஏறியிருந்தால் கல்லீரலை விட்டுவிடலாம்.

டிங்கிக் காய்ச்சலில்

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் 130,101 டிங்கிச் சம்பவங்கள் பதிவாயின. 182 பேர் இறந்தார்கள். சிலாங்கூர்தான் ஆண்டுதோறும் பட்டியலில் முதலில் நிற்கிறது. ஆகவே இந்த வட்டாரத்தில் காய்ச்சலோடு வருபவரின் கல்லீரல் எண்கள் ஏறியிருந்தால் மருத்துவர் மனத்தில் முதலில் டிங்கி வரும். தட்டணுக்கள் இறங்கும், ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி.யை மிஞ்சி ஏறும். இரண்டில் ஒன்று 1,000-ஐத் தொட்டால் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009 வகைப்பாட்டின்படி அது கடுமையான டிங்கி. உடனே மருத்துவமனை.

காய்ச்சல் குறையவில்லையே என்று பனடோல் (பாராசிட்டமால்) மாத்திரையை அள்ளிப் போடுவது இந்தச் சமயத்தில் பெரிய தவறு. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுதான் உச்சம். சளி மாத்திரை, காய்ச்சல் பொடி என்று வேறு பெயரில் வாங்குவதிலும் பல நேரம் அதே பாராசிட்டமால் இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மெலிந்தவர்களும் தினசரி குடிப்பவர்களும் இந்த உச்சத்துக்கு வெகு கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். டிங்கியில் ஏறிய எண்கள் நோய் தீர்ந்த சில வாரங்களில் தாமாக இறங்கிவிடும். இறங்கியதை ஒரு மறுபரிசோதனையில் உறுதி செய்துகொண்டால் போதும்.

இனிப்புநீர் உள்ளவரின் தாள்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படிக்கட்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். உலகளவில் இரண்டாம் வகை இனிப்புநீர் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. மதுவைத் தொடாதவர்களுக்கும்தான். “நம்ம வீட்ல யாரும் குடிக்க மாட்டாங்க, கல்லீரலுக்கு என்ன?” என்ற நம்பிக்கை எத்தனையோ வீடுகளில் தாமதத்துக்குக் காரணமாகியிருக்கிறது.

கொழுப்பு படிந்த கல்லீரல் பல ஆண்டுகள் வலிக்காது. ஏ.எல்.டி. இலேசாக ஏறும், சிலருக்கு ஏறவே ஏறாது. உள்ளே தழும்பு கூடிக்கொண்டே போய், கடைசியில் சுருங்கிப்போன கல்லீரலில் கசிவதற்கு அணுக்களே அதிகம் மிஞ்சாத நிலையில், எண் மறுபடி இயல்புக்குத் திரும்புவதும் உண்டு. இதனால்தான் மருத்துவர்கள் தழும்பை அளக்க வேறொரு கணக்குப் போடுகிறார்கள். ஃபிப்-4 என்று பெயர். 2006-இல் வெளியான இந்தக் கணக்குக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். கையில் உள்ள தாளோடு, தட்டணு எண்ணிக்கை வரும் முழு ரத்தப் பரிசோதனைத் தாளும் இருந்தால் போதும். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்க வேண்டும். கிடைத்ததை, தட்டணு எண்ணிக்கையையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைத் தாள். லோரி ஓட்டும் 52 வயதுக்காரர், பத்தாண்டாக இனிப்புநீர். ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 64, தட்டணுக்கள் 180. பார்வைக்குப் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. தட்டணு வரியில் குறியே இல்லை. 52-ஐ 48-ஆல் பெருக்கினால் 2,496. 64-இன் வர்க்கமூலம் 8. அதை 180-ஆல் பெருக்கினால் 1,440. வகுத்தால் 1.73. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு, 2.67-க்கு மேலே போனால் வாய்ப்பு அதிகம். இவர் நடுவில் நிற்கிறார். ஃபைப்ரோஸ்கேன் என்ற, வலியில்லாத ஸ்கேன் எடுத்துக் கல்லீரலின் விறைப்பை அளக்கச் சொல்லி இவர் கேட்கலாம், கேட்க வேண்டும். இதே எண்களோடு 35 வயதுக்காரர் ஒருவர் இருந்தால் அவருக்கு 1.17 வரும், ஸ்கேனுக்கு அவசரமில்லை.

65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்வரம்பு 2.0. முப்பத்தைந்துக்குக் கீழே கணக்கு அவ்வளவு நம்பகமாக இல்லை. டிங்கியோ வேறு காய்ச்சலோ இருக்கும்போது போட்டால் தட்டணு விழுந்து, ஏ.எஸ்.டி. ஏறி, விடை தாறுமாறாக வரும். காய்ச்சல் விட்டுச் சில வாரம் கழித்துப் போட வேண்டும்.

கொழுப்பு படிந்த கல்லீரலுக்கு மருந்து? எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் கல்லீரல் வீக்கம் தணிவதும், பலருக்குத் தழும்பே பின்வாங்குவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது ஆறு, எட்டு கிலோ. மாமாக் கடையில் கெட்டிப்பால் ஊற்றிய தேதாரிக் ஒரு நாளைக்கு மூன்று குடிப்பவர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பதில் சர்க்கரையும் பாலும் இல்லாத கோப்பி ஓ கோசோங் குடிக்கலாம்; காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சம்சுவும் மூலிகையும்

தோட்டப் புறங்களிலும் நகரத்து மலிவுக் கடைகளிலும் சின்னப் போத்தலில் கிடைக்கும் சம்சு, மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைச் சீரழித்த கதை பழையது. ரத்தத் தாளில் மது விட்டுச் செல்லும் தடம் தெளிவானது: ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி.யைப் போல இரண்டு மடங்கு இருக்கும். ஆனால் 300-ஐத் தாண்டுவது அரிது. கூடவே ஜி.ஜி.டி. ஏறும், முழு ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுவின் அளவும் பெருத்திருக்கும். ஏ.எல்.டி. வேலை செய்ய பி6 வைட்டமின் தேவை. குடிப்பவர்களிடம் அது வற்றிப்போவதால்தான் ஏ.எல்.டி. பின்தங்குகிறது. குடியை நிறுத்தினால் ஜி.ஜி.டி. சில வாரங்களில் இறங்கத் தொடங்கும். அந்த இறக்கத்தைத் தாளில் கண்டு மனம் தேறி, நிறுத்தியதை நிறுத்தியபடியே தொடர்ந்தவர்கள் உண்டு. குடும்பத்தார் இதை ஒரு பிடிமானமாகப் பயன்படுத்தலாம்.

காமாலை என்றதும் கீழாநெல்லி நினைவுக்கு வராத தமிழ் வீடு இல்லை. மலாய்க்காரர்கள் டுக்குங் அனாக் என்று அழைப்பதும் அந்த இனச் செடிதான். அதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுக்கப்பட்டவர்களில் 59 விழுக்காட்டினரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது என்பது அதன் முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடுவது என்பதால், அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. நாள்பட்ட கிருமித் தொற்றையும் பித்தக்கல் அடைப்பையும் கீழாநெல்லியை நம்பி விட்டுவைப்பது உயிரோடு விளையாடுவது.

சில மூலிகைகள் கல்லீரலுக்கே கெடுதல் செய்கின்றன. கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கொடியைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சமையலில் போடும் மஞ்சள் பாதுகாப்பானது. மிளகுச் சத்து சேர்த்து அடர்த்தியாக்கிய மஞ்சள் கேப்சூல் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ எந்தப் பாரம்பரிய மருந்தை வாங்கினாலும், பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவில்லாத தயாரிப்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது தாளோடு, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை, லேகியம், பொடி டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது. காசநோய் மருந்து சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் மூன்று கல்லீரலைத் தாக்கக்கூடியவை. கொலஸ்ட்ரால் மாத்திரையால் எண் இலேசாக ஏறியது என்று தாமாகவே நிறுத்திவிடுவது வேண்டாம். மேல்வரம்பைப் போல மூன்று மடங்கு தாண்டினால்தான் மருத்துவர்கள் நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள்.

எங்கே போவது?

குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். எல்.எஃப்.டி.க்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை; ஆனால் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளோடு சேர்த்து எடுப்பதால் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். எண் இலேசாக ஏறியிருந்தால் சில வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பார்ப்பது முறை. பெரிய விசாரணை தேவைப்பட்டால் கிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள்: சாலாக் செலாத்தான்காரர்களுக்குக் கோலாலம்பூர் மருத்துவமனையும் செராஸ் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் பக்கம், கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா. சிக்கலான கல்லீரல் நோய்களுக்கான தேசிய மையம் செலாயாங் மருத்துவமனை.

கண் மஞ்சளாகிச் சிறுநீர் தே ஓ நிறத்தில் போனாலோ, மலம் வெளுத்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்த வாந்தி, தார் நிற மலம், பேச்சுத் தடுமாற்றம், பகலில் தூங்கி இரவில் விழித்துக் குழம்புவது, இவற்றில் எது வந்தாலும் 999.

எல்.எஃப்.டி. தாளில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிருமி இருக்கிறதா என்று அந்தப் பரிசோதனை பார்ப்பதில்லை. ஹெபடைடிஸ் பி உடம்பில் இருந்தும் இருபது முப்பது ஆண்டுகள் எல்லா எண்களும் சரியாகவே இருக்கலாம். மலேசியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1989-இல். ஹெபடைடிஸ் சி கிருமிக்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் குணமாக்கும் மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைக்கப்பட்ட சோபோஸ்புவிர் மருந்தை மலிவாகப் பெறுவதற்காக, மலேசிய அரசாங்கம் 2017 செப்டம்பரில் காப்புரிமை இருந்தும் அரசுப் பயன்பாட்டு உரிமத்தை அறிவித்தது. அந்த மருந்துக்கு அப்படிச் செய்த முதல் நாடு இதுதான். பிறகு மலேசியாவிலும் தாய்லாந்திலும் ராவிடாஸ்விர் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் 97 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். 2021 ஜூனில் ராவிடாஸ்விருக்கு இங்கே அனுமதி கிடைத்தது. பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரச் சிகிச்சை.

எனவே 1989-க்கு முன் பிறந்தவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 1990-களின் நடுப்பகுதிக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பச்சை குத்திக்கொண்டவர்கள், எப்போதாவது ஊசியைப் பிறரோடு பகிர்ந்தவர்கள் ஹெபடைடிஸ் சி பரிசோதனையையும் கேளுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, “எல்.எஃப்.டி.யோட இந்த ரெண்டையும் சேர்த்து எடுங்க டாக்டர்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். போன ஆண்டுத் தாளையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.